சேம அச்சு

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, கொல்லிமலையிலிருந்து என் சித்தப்பா மகன் டெலிபோனில் கூப்பிட்டான். குரலில் சுரத்தே இல்லை.

"அண்ணா, அச்சு முறிஞ்சு போச்சுங்க" என்றான்.

அச்சு என்றதும் எழுதிப் பிழைக்கிறவனுக்கு நினைவு போகும் இடம் ஒன்றுதான். அந்தச் சமயம் என்னுடைய நாவல் ஒன்று அச்சகத்தில் இருந்தது. இவனுக்கு எப்படி அந்தச் செய்தி எட்டியது என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஐயையோ! எத்தனை பாரம் ஆகியிருந்தது?" என்று பதறினேன்.

"பாரமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு மூட்டை மிளகுதான்."

அப்புறம்தான் புரிந்தது. முறிந்தது அவனுடைய மின்சாரக் காரின் அச்சு. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்து உடனே வெட்கப்பட்டேன். அந்தக் கார் அவனுக்கு ஆடம்பரம் அல்ல. செம்மேட்டுக்கு மிளகு போவதும் அதில்தான். மாதம் இரண்டு முறை சித்தி நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். மலையில் கார் நின்றால் வீடே நின்ற மாதிரி.

நம்முடைய தமிழ்தான் எத்தனை சிக்கனமானது பாருங்கள்! புத்தகம் அடிப்பதும் அச்சு. வெல்லம் வார்ப்பதும் அச்சு. தறியில் நூலை ஒழுங்குபடுத்துவதும் அச்சு. இரண்டு சக்கரங்களை இணைத்து வண்டியைத் தாங்குவதும் அச்சு. பிள்ளை தகப்பனை உரித்து வைத்திருந்தால் 'அச்சு அசல்' என்கிறோம். இத்தனை அர்த்தங்களும் ஒரே இடத்தில் வந்து கூடும் என்று அன்று காலை எனக்குத் தெரியாது. ஒரு பழைய அச்சைத் தேடி நாங்கள் அலைந்த பத்து நாட்களில்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

*

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறுகிற பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. போய் வந்தால் 140. ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் முழுசாகத் திரும்ப வேண்டும். திரும்பிய நிலையிலேயே வண்டியை மேலே இழுக்கவும் வேண்டும். அந்த வேலையைச் செய்வது ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான எஃகுத் தண்டு. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. சக்கரத்தின் பக்கத்து மூட்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் உருளும். தோள்பட்டை மூட்டைப் போல எந்தப் பக்கம் திரும்பினாலும் விசையைச் சீராகக் கொண்டு செல்கிற இந்த அமைப்பை 1920களில் ரெசெப்பா என்ற எஞ்சினியர் வகுத்தார். 1959இல் இங்கிலாந்தில் 'மினி' கார் வந்த பிறகு, முன்சக்கர இழுப்பு கொண்ட சின்னக் கார்களுக்கெல்லாம் அது பொதுச் சொத்தாகிவிட்டது.

மாட்டு வண்டியின் அச்சுக்கும் இதற்கும் ஒரு வேடிக்கையான வித்தியாசம் உண்டு. மாட்டு வண்டியில் அச்சு சுற்றாது. அதைச் சுற்றிக் குடமும் சக்கரமும்தான் சுற்றும். பாரம் முழுவதும் அச்சின் தலையில். நமது காரில் அந்த அச்சு பாரத்தைத் தாங்குவதில்லை. சுற்றுவது ஒன்றே அதன் தொழில். முன்னது சுமக்கும், சுழலாது. பின்னது சுழலும், சுமக்காது. பெயர் மட்டும் ஒன்று.

மாட்டு வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் உருண்டுகொள்ளும். இரண்டும் தனித்தனி, ஆகவே வம்பு இல்லை. எந்திரம் சக்கரத்தைச் சுழற்றத் தொடங்கிய பிறகுதான் சங்கடம் வந்தது. இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் பூட்டினால் வளைவில் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்தாக வேண்டும். 1827இல் பெக்கேர் என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு ஒரு பல்சக்கர ஏற்பாடு கண்டுபிடித்தார். கடிகார வேலை தெரிந்தவர் அவர். நீராவி வண்டிக்காக அவர் செய்த அந்த 'டிஃபரன்ஷியல்' இன்றைய மின்சாரக் காரிலும் இருக்கிறது. அதன் இரு பக்கமும் நீளுகிற கைகள்தான் இரண்டு அச்சுத் தண்டுகள்.

தம்பியின் காரில் இடது கைத் தண்டு, 38ஆவது வளைவில் முறிந்திருந்தது. மோட்டாரும் நன்றாக இருந்தது. பாட்டரியும் நன்றாக இருந்தது. ஆனால் மோட்டாரின் விசை சக்கரத்துக்குப் போய்ச் சேர வழியில்லை.

மின்சாரக் காரின் அச்சுக்குக் கஷ்டம் சற்று அதிகம்தான். பெட்ரோல் எஞ்சின் மெல்ல மெல்லத்தான் பலத்தைத் திரட்டும். மின்மோட்டாரோ நின்ற இடத்திலேயே தன் முழு பலத்தோடு இழுக்கும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். அப்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்றி, மோட்டார் மின்சாரம் உண்டாக்கி, அது பாட்டரிக்குத் திரும்பிப் போகும். ஏறும்போது தண்டை ஒரு பக்கம் முறுக்குகிறது. இறங்கும்போது எதிர்ப்பக்கம் முறுக்குகிறது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். ஏற்கெனவே ரப்பர் உறை கிழிந்து, கிரீஸில் மண் சேர்ந்துவிட்ட மூட்டு அது. மழைக்காலத்துப் பள்ளம் ஒன்று மிச்சத்தை முடித்துவிட்டது.

*

அந்த மாடல் உற்பத்தி நின்று சில வருஷங்கள் ஆகிவிட்டன. விசாரித்த இடத்தில், புது உதிரி பாகம் வருவதற்கு நாள் சொல்ல முடியாது என்றார்கள். வேறொருவர், "பேசாமல் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று யோசனை சொன்னார். ஒரு முழ இரும்புக்காக ஆயிரம் கிலோ வண்டியை எடைக்குப் போடுவதா? தம்பிக்கு அது நியாயமாகப் படவில்லை. எனக்கும்தான்.

நாமக்கல்லுக்கு வந்தோம். லாரிக்குக் கூடு கட்டுவதில் இந்தியா முழுவதும் பேர் பெற்ற ஊர். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள்; சங்ககிரியில் லாரிகள். அச்சுக்குப் பஞ்சமான சீமை அல்ல. ஆனால் எல்லாம் யானைக்கு ஏற்ற கவளம்! எங்கள் பூனைக்குட்டிக்கு ஏற்றது ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு வேறொரு ஊரில் ஒரு காயலான் கடை. கடைக்காரர் ஒரு தண்டை எடுத்துத் துடைத்துக் காட்டினார். "ஒரே பாடிங்க. பெட்ரோல்ல ஓடுனா என்ன, கரண்ட்டுல ஓடுனா என்ன? அச்சு ஒண்ணுதானுங்க" என்றார். நாங்களும் நம்பினோம். விலையும் சகாயமாக இருந்தது. மலையேற்றி, வண்டிக்கு அடியில் படுத்து மாட்டப் பார்த்த மெக்கானிக், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து தண்டைக் கீழே வைத்தார்.

"இது சேராதுங்க. நம்முளுதுல உள்முனையில 26 பல்லு. இதுல 25."

ஒரு பல் குறைந்ததால் ஒரு நாள் சம்பாத்தியமும் ஒரு மலையேற்றமும் வீண். கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அவர் பொய் சொல்லவில்லை, எண்ணிப் பார்க்கவில்லை. நாங்களும் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்த மெக்கானிக் எங்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். இடது தண்டும் வலது தண்டும் ஒன்றல்ல. மோட்டார் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருப்பதால் நீளம் வேறுபடும். உள்முனைப் பல், வெளிமுனைப் பல், இரண்டையும் தனித்தனியாக எண்ண வேண்டும். நுனி மரையில் நமது நட்டு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டின் மேல் ஒரு பல்வளையம் இருந்தால், அதன் பல்லையும் எண்ண வேண்டும். பிரேக்கின் மின்மூளை அதைப் பார்த்துத்தான் சக்கரத்தின் வேகத்தைக் கணக்கிடுகிறது. ஒரே மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் மாறியிருக்கும். ஆகவே சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு போக வேண்டும். பழைய தண்டு என்றால் தட்டையான தரையில் உருட்டிப் பார்க்க வேண்டும், நெளிந்திருந்தால் துள்ளும். மூட்டை இரு கையாலும் பிடித்து முறுக்கினால் ஆட்டம் இருக்கக் கூடாது. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து எடுப்பதானால், அடிபடாத பக்கத்துத் தண்டாக இருக்க வேண்டும்.

"லேத்தில் ஒன்று கடைந்துகொண்டால் என்ன?" என்று கேட்டேன்.

"கடையலாமுங்க. உருவம் வரும், பதம் வராது" என்றார்.

உருவம் வரும், பதம் வராது! நாவல் எழுதுகிற எனக்கு அந்த வாக்கியம் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

*

தூக்கம் வராத இரவில்தான் புறநானூற்றை எடுத்தேன். அதில் 102ஆம் பாட்டு ஔவையார் பாடியது. தகடூர் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பற்றியது.

அந்தக் காலத்தில் உமணர் என்றொரு கூட்டத்தார் இருந்தார்கள். கடற்கரையில் உப்பை ஏற்றி, மனைவி மக்களோடு மாட்டு வண்டிகளில் உள்நாட்டுக்குக் கொண்டு வருவார்கள். நெல்லுக்குச் சரியாக உப்பை அளந்து மாற்றுவார்கள். கடலில்லாத நாட்டுக்கு உப்பு வராவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தால், அந்த வண்டிகளின் அருமை தெரியும். வழியெல்லாம் மேடும் பள்ளமும். ஏற்றிய பாரமோ அதிகம். எருதுகளோ நுகம் பழகாத இளசுகள். எங்கே எது முறியும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உமணர்கள், ஓடுகிற அச்சு போதாதென்று வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. எழினியைப் பார்த்து ஔவையார், நீ அப்படிப்பட்ட சேம அச்சு என்கிறார்.

சிறு வயதில் இதைப் படித்தபோது அழகான உவமை என்று தாண்டிப் போயிருக்கிறேன். 38ஆவது வளைவுக்குப் பிறகு படிக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. அடியில் கட்டிய அச்சு, ஓடுகிற அச்சின் அளவிலேயே இருந்தால்தான் அது சேம அச்சு. ஒரு விரற்கடை குறைந்தாலும் அது வெறும் கட்டை. மகன் தகப்பனின் இடத்தில் பொருந்துவான் என்பதையும் ஔவையார் அதே மூச்சில் சொல்லிவிட்டார். 'அச்சு அசல்' என்று நாம் இன்று சொல்வது அதுதானே?

கொல்லிமலையில் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் படிப்பதில் இன்னொரு வேதனையும் உண்டு. இந்த மலை வல்வில் ஓரியின் மலை. முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். பிறகு பெருஞ்சேரல் இரும்பொறை, இந்தக் கொல்லிக் கூற்றத்திலேயே அதியமானையும் அவனோடு நின்ற இரு பெருவேந்தரையும் வென்று, தகடூரையும் அழித்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்துப் பதிகம் கூறுகிறது. அதியமான் வெறும் புலவர் கற்பனை அல்ல. 1981இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில், பாறையில் தமிழி எழுத்தில் நெடுமான் அஞ்சியின் பெயர் கிடைத்தது. மேடும் பள்ளமும் நிறைந்த வழி என்று ஔவையார் சொன்னது வண்டிப் பாதையை மட்டும் அல்ல. முறியப்போகிற காலம் எது என்பது அவருக்குத் தெரிந்தேயிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

திருவள்ளுவரும் அச்சை விடவில்லை. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும் என்று எச்சரிக்கிறார். பெரிய தேருக்கு ஆதாரம் ஒரு சின்ன அச்சாணி என்று இன்னொரு குறளில் நினைவூட்டுகிறார். வண்டி ஓட்டிய சமூகத்தின் இலக்கியம் நம்முடையது.

*

உமணருக்குச் சேம அச்சு சாத்தியமானது எதனால்? அச்சின் அளவு ரகசியமாக இல்லை. தச்சன் கையில் ஒரு முழக்கோலும் ஒரு நல்ல மரமும் இருந்தால் போதும். எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம்.

அளவு பொதுவாக இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே போட்ட ஒரு சக்கரவர்த்தியும் இருந்தான். கி.மு. 221இல் சீனாவை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங், எழுத்தையும் எடையையும் ஒன்றாக்கியதோடு வண்டி அச்சின் அகலத்தையும் ஒன்றாக்கினான். அதுவரை நாட்டுக்கு நாடு அகலம் வேறு. மண் சாலையில் சக்கரம் பதித்த தடங்களும் வேறு. ஒரு நாட்டு வண்டி மற்றொரு நாட்டுத் தடத்தில் ஓடாது. அவன் கொடுங்கோலன்தான், ஆனால் சாம்ராஜ்யம் என்பது அச்சிலிருந்து தொடங்குகிறது என்பதை அறிந்திருந்தான்.

நமக்கு இது தெரியாத கதையா? 1853இல் இந்தியாவில் ரயில் வந்தபோது அகலப் பாதை. 1870களில் செலவு மிச்சம் என்று மீட்டர் பாதை. அச்சின் நீளம் வேறானதால் ஒரு பாதையின் பெட்டி இன்னொன்றில் போகாது. நெல் மூட்டையும் சர்க்கரை மூட்டையும் இறக்கி ஏற்றிய கூலிகளின் முதுகுதான் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தது. 1992இல்தான் எல்லாவற்றையும் ஒரே அகலமாக்கும் திட்டம் பெரிய அளவில் தொடங்கியது.

மின்சாரக் காரின் சரித்திரத்திலும் இதே படிப்பினை இருக்கிறது. அது நேற்றுப் பிறந்த குழந்தை அல்ல. 1888இல் ஜெர்மனியில் பிளாக்கன் ஒன்று செய்தார். 1899இல் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலில் தாண்டிய மோட்டார் வண்டி மின்சார வண்டிதான். ஜெனாட்சி என்ற பெல்ஜியக்காரர் ஓட்டினார். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் இளைஞர் பெர்டினாண்டு போர்ஷேயின் வண்டி வந்தது. அவர் மோட்டாரைச் சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். சுழலும் அச்சுத் தண்டுக்கே வேலை இல்லை! பிறகு 1908இல் போர்டின் மலிவுக் கார் வந்தது. 1912இல் கெட்டரிங் செய்த மின்சார ஸ்டார்ட்டர் வந்து, கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் கஷ்டத்தைப் போக்கியது. மின்சாரத்தின் உதவியாலேயே பெட்ரோல் மின்சாரக் காரை வென்றது. செய்தவர்கள் கடையைக் கட்டியதும் அந்த வண்டிகள் அநாதைகளாயின.

இந்தியாவில் 1993இல் 'லவ்பர்ட்' என்ற இரண்டு பேர் கார் வந்தது. 2001இல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. லண்டன் தெருக்களிலும் ஓடியது. 2021இல், அன்றைய தகடூருக்கு அருகே கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மின்சார ஸ்கூட்டருக்குப் பெரிய ஆலை எழுந்தது. 2025இல் தூத்துக்குடியில், உமணர்கள் உப்பு ஏற்றியது போன்ற அதே உப்பளச் சீமையில், மின்சாரக் கார் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. புதிய வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, சந்தோஷம். ஒவ்வொன்றும் ஒரு நாள் பழைய வண்டியாகும். அன்றைக்கு அதன் பல் எத்தனை, நீளம் எத்தனை என்ற கணக்கு யார் கையில் இருக்கும்?

2022 டிசம்பரில் மத்திய அரசு, பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்கென்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியபோது மோட்டார் வாகனங்களையும் அதில் சேர்த்தது. நல்ல காரியம். வண்டியை விற்கிறவன் அதன் அளவுகளையும் சேர்த்து விற்க வேண்டும் என்று அழுத்திக் கேட்க, ஒவ்வொருவருக்கும் ஒரு அச்சு முறிய வேண்டியதில்லை.

*

பத்தாம் நாள், பழைய வண்டிகளை முறைப்படி பிரிக்கிற ஓர் இடத்தில் எங்கள் காரின் உடன்பிறப்பு ஒன்றைக் கண்டோம். பின்னாலிருந்து லாரி மோதிய வண்டி. முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. மெக்கானிக் சொன்னபடி சேஸிஸ் நம்பரைப் பார்த்தோம்; அதே வருஷம். தம்பி தரையில் குந்தி உட்கார்ந்து, ஜபம் செய்வதுபோல் உதட்டை அசைத்துப் பல்லை எண்ணினான். இருபத்தாறு. வெளிமுனையும் சரி. உருட்டிப் பார்த்தோம், துள்ளவில்லை. முறுக்கிப் பார்த்தோம், ஆடவில்லை. ரசீதும் வாங்கினோம்.

மறுநாள் மத்தியானம் வண்டி ஓடியது. சித்தியை ஏற்றிக்கொண்டு மலையிறங்கினோம். "பாட்டரியை முழுசா நிரப்பலீங்க. இறங்கறப்போ வர்ற கரண்ட்டுக்கு இடம் வேணுமில்ல" என்றான் தம்பி. 38ஆவது வளைவு வந்ததும் மூவரும் பேச்சை நிறுத்திவிட்டோம். வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. காரவள்ளி வந்து சேரும்வரை சித்தி கண்ணைத் திறக்கவில்லை. முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் தம்பியின் வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்கு மூட்டை நீளமாகக் கிடப்பதைப் பார்த்தேன். இரண்டு முனையிலும் கயிறு கட்டியிருந்தது; கிரீஸ் வாசனை வந்தது.

"இது என்ன?" என்றேன்.

"அந்த வண்டியோட வலது பக்கத்துத் தண்டுங்க" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான். "இப்ப நம்முளுது நல்லாத்தான் ஓடுது. இருந்தாலும் அதையும் சேர்த்து வாங்கிட்டேன். கிடக்கட்டும்னு."

அவன் புறநானூறு படித்தவன் அல்ல. நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூட்டையை ஈரம் படாத பக்கமாக நகர்த்திவைத்துவிட்டுக் கிளம்பினேன்.